கரைக்காரன் பார்த்த மீன்

நண்பன் ஒருவனின் காலைப் பார்ப்பதற்காக லான்சோவிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்தவன் அந்தப் பெட்டியில் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் சியாண்டாங் ஆற்றின் பேரலையைப் பார்க்கக் கிளம்பியவர்கள். சீனச் சந்திர நாள்காட்டியில் எட்டாம் மாதம் பதினெட்டாம் நாள் என்றால் சும்மாவா? கடல் பொங்கி ஆற்றுக்குள் புகுந்து, சுவர் மாதிரி எழுந்து, ஓடும் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறுகிற நாள். எதிர் இருக்கைப் பெண் ஒருத்தி, "நீங்களும் அலை பாக்கத்தான் போறீங்களா தாத்தா?" என்று கேட்டாள். "நான் பாத்த அலையை நீ பாத்திருந்தா இப்படிச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டே," என்றேன். அந்தப் பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். உள்ளுக்குள் பயமாக இருந்தால் இன்னும் அதிகமாகும்.

பயத்துக்குக் காரணம் ஆஷுன். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"டேய் யாவ்மின், வர்ற வியாழக்கிழமை இடது காலை முட்டிக்குக் கீழ எடுத்துடப் போறாங்கடா. எலும்புக்குள்ள பழைய சீழாம். நாப்பத்தஞ்சு வருஷம் தாக்குப் பிடிச்சதே பெருசுன்னு டாக்டர் பாராட்டுறார். அதுக்கு முன்னாடி அந்தக் காலுக்கு ஒருதரம் அலையைக் காட்டணும்னு தோணுது. நீயும் வா."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கால் உடைந்தது என்னால். அது அவனுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்தக் கால் அவன் உடம்பில் இருக்கும்போதே அவனிடம் சொல்லிவிட வேண்டும், வெட்டி எறிந்தபிறகு சொல்வதற்கு எனக்கு முகம் இருக்காது. அதற்காகத்தான் ரயிலேறினேன்.

நிலையத்து வாசலில் மெய்சியன் பேட்டரி மூன்று சக்கர வண்டியோடு நின்றாள். பின்னால் ஆஷுன், மடியில் போர்வை, வாயில் சிகரெட். மெய்சியன் அவன் பெண்டாட்டி. அறுபத்தாறு வயது. தலை முழுக்க வெளுத்திருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்கண்ணே! ஏன் இப்படிக் கருவாடா காஞ்சு போயிட்டீங்க? லான்சோவுல சோறு போட மாட்டாங்களா?"

கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள். கேட்டுக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை.

"ஏறுங்க, ஏறுங்க. அந்த இன்னொரு மீனைக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க, வண்டி பூரா அவருக்குத்தான்னு நெனப்பு," என்றாள்.

இன்னொரு மீன். அதுதான் ஆஷுனுக்கு ஊர் வைத்த பெயர். கேட்காதவன் மாதிரி பையைத் தூக்கி வண்டிக்குள் வைத்தேன்.

அணைக்கரைக்குப் போகிற பெரிய சாலை முழுக்கக் கார்கள். மெய்சியன் உள்ளூர்க்காரி அல்லவா, முள்ளங்கித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் வண்டியைத் திருப்பினாள். குலுக்கலில் ஆஷுன் முகம் வலியில் சுருங்கும், உடனே ஏதாவது கேலி பேசுவான்.

"மெதுவாப் போடி. வியாழக்கிழமை வெட்டவேண்டியதை நீயே இங்க கழட்டிருவ போலிருக்கு."

"கழண்டா மிச்சம். ஆஸ்பத்திரிக்கு அலையற வேலை இல்லை."

பாதையோரம் ஒரு ஜவுளி ஆலை வந்தது. ஆஷுன் என் தோளைத் தட்டினான்.

"அதோ பாரு, ஆலைக்குள்ள சைக்கிள் நிறுத்தியிருக்காங்களே, அதுதான்டா அந்த எடம். என் கால் உடைஞ்ச எடம். எவனெவனோ சைக்கிள் நிறுத்துறான், ஒருத்தனாச்சும் எனக்கு வணக்கம் சொல்றானா?"

நான் பார்த்தேன். எங்கள் காலத்தில் அங்கே ஆறு இருந்தது. வருஷா வருஷம் கல் போட்டு, மண் போட்டு, சேற்றுத்திட்டையெல்லாம் நிலமாக்கி, கரையை ஒரு மைல் வெளியே தள்ளிவிட்டார்கள். நானும் அந்தக் கல் சுமந்தவன்தான், குறை சொல்ல வாயில்லை. ஆனாலும் அந்தச் சேறு எங்களுடையது. அதில் எத்தனை ஓட்டம் ஓடியிருப்பான் ஆஷுன்!

அலை வரும் முன்னே ஆறு வற்றி, கரைக்குக் கீழே சேற்றுத்திட்டு பளபளவென்று கிடக்கும். பேரலை வரும்போது அதன் முகப்பில் மீன்கள் மயங்கிப் புரளும். அவற்றைப் பிடிக்க இறங்குகிற ஓட்டக்காரன் நீளக் கம்பு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைக்கு முன்னால் ஓடுவான். ஓடிக்கொண்டே அதன் ஓரத்தில் பாய்ந்து ஒரு அள்ளு அள்ளிவிட்டு, அலை இழுப்பதற்குள் வெளியே வந்து மறுபடி ஓடுவான். உடம்பில் ஒட்டுத் துணி இருக்காது, நனைந்த துணி காலைச் சுற்றினால் அதோடு முடிந்தது கதை. அவன் திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்க்கிற வேலை கரைக்காரனுடையது. கரைக்காரன் மேலே நின்று முழு அலையையும் பார்த்து, "இறங்கு!" என்றால் இறங்க வேண்டும், "ஏறு!" என்றால் மீனாவது மண்ணாவது, அணையைப் பார்த்து ஓடியே ஆகவேண்டும். ஆஷுன் ஓட்டக்காரன், நான் கரைக்காரன். பதினெட்டு வயதிலிருந்து ஜோடி. மூன்று பஞ்சாயத்துக்கும் எங்களுக்கு ஈடு கிடையாது, பெருமைக்குச் சொல்லவில்லை.

ஓட்டக்காரர்கள் துணி அவிழ்க்கும்போது கரையில் நிற்கிற பெண்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். அதுதான் மரியாதை. அலை கடந்துபோய், ஆண்கள் துணி கட்டியபிறகுதான் திரும்புவார்கள். கட்டுப்பாட்டோடு வாழ்ந்த எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் ஆயுசு முழுக்க அந்த அலையைக் காதால் கேட்டதோடு சரி. கரைக்காரனாகிய நான் அணையின் ஊர்ப்பக்க ஓரத்தில் கல்குவியல் மேல் ஏறி, அவர்கள் தலைக்கு மேலாக ஆற்றைப் பார்த்து நிற்பேன். அவர்கள் முகமெல்லாம் என் பக்கம் இருக்கும்.

எழுபத்தொன்பதாம் வருஷம் இதே பதினெட்டாம் நாள், அந்த முகங்களில் ஒன்று மெய்சியன்.

இருபத்தோரு வயது. ஊதா நிறச் சட்டை. கையில் வைத்திருந்த முள்ளங்கி வற்றலைக் கடித்துக்கொண்டே தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்தாள். நான் மனிதன்தானே! ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. நானும் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆற்றைப் பார்க்கிறேன், பெரிய அலைக்குக் குறுக்கே இரண்டாவது அலை எழும்பி நிற்கிறது. "ஏறு! ஏறு!" என்று கத்தினேன். ஆஷுன் ஓடாமல் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் அவனைத் தூக்கிக் கல் தடுப்பில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் ஆஷுனிடம், ஏன் ஏறவில்லை என்று எல்லாரும் கேட்டார்கள். "இன்னொரு மீன் கெடந்துச்சு. குனிஞ்சேன்," என்றான். ஊர் அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் தாமதமாகக் கத்தினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், ஏன் தாமதம், எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்பார்களே. மூன்று மாதத்தில் மெய்சியனுக்கும் ஆஷுனுக்கும் கல்யாணம். பந்தியில் மதுக் கிண்ணத்தை ஏந்தி வாழ்த்திவிட்டு, அடுத்த மாதமே லான்சோ இயந்திர ஆலையில் வேலை என்று ஓடிப்போனேன். அங்கேயும் ஒரு ஆறு இருக்கிறது. மஞ்சளாக, தன் பாட்டுக்கு ஒரே பக்கமாகப் போகும். அங்கே ஒருத்தியைக் கட்டினேன், நல்லவள், ஒரு குறை வைக்கவில்லை, போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அவளிடம்கூட இதைச் சொன்னதில்லை.

கரையில் கூட்டம் அலைமோதியது. கம்பித் தடுப்பு போட்டு, ஒலிபெருக்கியில், "தடுப்புக்கு வெளியே யாரும் போகாதீங்க," என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார்கள். ஆனால் இது மரியாதை இல்லை, தங்களைத் தாங்களே படம் பிடிப்பதற்கு. அட, அலையைப் பார்க்க வந்தவர்கள் அலையைப் பாருங்களேன்! மெய்சியன் வண்டியை அப்படி இப்படி நுழைத்து, நாலு பேரைத் திட்டி, முன்வரிசையில் இடம் பிடித்தாள்.

"அலை ஒண்ணரைக்குத்தான். நான் போய் டீயில வேகவெச்ச முட்டை வாங்கிட்டு வர்றேன். இவரைப் பாத்துக்கங்கண்ணே, மீன் எதையாவது கண்டா எறங்கிடுவாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆஷுன்."

"சொல்லு."

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அதான் சொல்லுங்கறேன். வாயில என்ன நிலாப் பணியாரமா?"

"அன்னிக்கு நான் லேட்டாக் கத்தினேன்டா. ரெண்டாவது அலையை நான் பாக்கலை. நீ குனிஞ்சதால இல்லை, என்னாலதான் உன் கால் போச்சு." கொட்டிவிட்டேன். கண்ணிலும் கொட்டியது, எழுபது வயதுக் கிழவனுக்கு வெட்கமில்லை. "நாப்பத்தஞ்சு வருஷமா உன்னைப் பேராசைக்காரன்னு ஊரே சிரிக்குது. நான் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். அடிக்கணும்னா அடி."

ஆஷுன் சிகரெட்டை வண்டியின் ஓரத்தில் நசுக்கினான்.

"எங்க பாத்துக்கிட்டு இருந்தே?" என்றான்.

இந்தக் கேள்விக்குப் பயந்துதானே இத்தனை வருஷம்.

"மெய்சியனை."

"தெரியும்," என்றான்.

"என்னடா தெரியும்?"

"நீ அவளைப் பாத்தது. நான் திரும்பிப் பாத்தேன். ஓட்டக்காரன் திரும்பிப் பாக்கக் கூடாது, திரும்பிட்டேன். நீ பல்லைக் காட்டிக்கிட்டு நின்னே. அவ முதுகுதான் எனக்குத் தெரிஞ்சது. ஆனா அந்தச் சட்டை தெரியுமே. நின்னுட்டேன். நீ நேரத்துக்குக் கத்தியிருந்தாலும் நான் நின்னுதான் இருப்பேன் யாவ்மின். காலை ஒடச்சது நீ இல்லை."

"அப்போ அந்த மீன்?"

"மீனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை." அவன் என் முகத்தைப் பார்க்காமல் ஆற்றையே பார்த்துப் பேசினான். "இதையும் கேட்டுடு. அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் மெய்சியனோட அம்மா எங்க வீட்டுக்கு வந்தாங்க. எங்கம்மாவைத் தரகு பேசச் சொல்லி. எனக்கு இல்லைடா, உனக்கு. பொண்ணு யாவ்மினைத்தான் கட்டுவேன்னு நிக்கிறா, நீங்கதான் போய்ப் பேசணும்னாங்க. நான் அடுப்படியில நின்னு கேட்டேன். ராத்திரி பூரா தூக்கம் இல்லை. அந்த எரிச்சல்லதான் திரும்பிப் பாத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியில அவ என்னைப் பாக்க வந்தா. கட்டுப் போட்ட காலைப் பாத்து அழுதா. நான் அவகிட்ட சொன்னேன், உனக்குக் குடுக்கலாம்னுதான் அந்த இன்னொரு மீனுக்குக் குனிஞ்சேன்னு. அவ்வளவுதான். தனக்காக ஒருத்தன் காலை விட்டுட்டான்னு அவ மனசு மாறிடுச்சு. எங்கம்மா தரகு பேசப் போகவே இல்லை."

ஒலிபெருக்கி கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரு கணம் அந்த வண்டியை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாமா என்று இருந்தது. பொய் சொல்லவில்லை, கை கம்பியை விட்டு வண்டியின் பிடிக்கு வந்திருந்தது. பாவி! ஒரு காலுக்காக நான் நாற்பத்தைந்து வருஷம் அழுதேன். ஆலையின் இரைச்சலில், பனியில், வேறு ஊர்ப் பேச்சில் கழிந்த என் வயசுக்கு யார் அழுவது? அவள் என்னைத்தான் கேட்டாளாம். எனக்கு ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் இந்தக் கரையை விட்டுப் போயிருப்பேனா?

"ஏன்டா இதைச் சொன்னே?" என்றேன்.

"நீ அழுதியே. அதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?" அவன் மூக்கைத் துடைத்தான். "திட்டு. என்ன வேணும்னாலும் பண்ணு. ஆனா அவகிட்ட மட்டும் சொல்லிடாதே. அந்த மீனை நம்பித்தான்டா அவ என்கூட வாழ்ந்தா. தெனமும் கேலி பண்றா, ஆனா குளிர்காலத்துல ராத்திரி எழுந்து இந்தக் காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கிறவ அவதான். ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்லை. வியாழக்கிழமை நான் மயக்க ஊசி போட்டுக்கிட்டுப் படுக்கும்போது அவ வெளியில உக்காந்திருக்கணும் யாவ்மின். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அதற்குள் மெய்சியன் வந்துவிட்டாள். ஒரு பையில் முட்டை, இன்னொன்றில் சூடான வறுகடலை. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, ரெண்டு கெழமும் அழுதிருக்கு? அலை இன்னும் வரவே இல்லை, அதுக்குள்ள தண்ணியா?"

"காத்துல மண்ணு," என்றான் ஆஷுன்.

"ரெண்டு பேர் கண்ணுலயுமா?"

கிழக்கே யாரோ கூவினார்கள். முதலில் சத்தம்தான் வந்தது, தூரத்தில் லாரி லாரியாகக் கல் கொட்டுவது போல. பிறகு ஆற்றின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கூட்டம் அப்படியே கம்பியில் சாய்ந்தது. கோடு தடித்தது, எழுந்தது, சுவரானது. நாற்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் என் தொண்டையில் "ஏறு" என்ற சொல் தானாக வந்து நின்றது. கீழே ஓடுவதற்கு யாரும் இல்லை. அலை எங்களுக்கு நேரே வந்தபோது ஆஷுன் போர்வையை விலக்கி, வீங்கிக் கறுத்த அந்தக் காலை வண்டிக்கு வெளியே நீட்டினான். தூவானம் அதன்மேல் விழுந்தது. அவன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பும் எனக்குப் பழக்கமானது, பதினெட்டு வயதிலிருந்து சேற்றோடு கரையேறி வந்து என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அதையும் நான் என்ன செய்ய?

மெய்சியன் திரும்பிக்கொள்ளவில்லை. இந்தக் காலத்தில் யார் திரும்புகிறார்கள்? கண்ணைக் கொட்டாமல் அலை மேற்கே போய் வளைவில் மறைகிறவரை பார்த்தாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அவள் குனிந்து தோளில் கிடந்த துண்டால் ஆஷுனின் காலை ஈரம் போகத் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள்.

"அண்ணே, நீங்கதானே கரைக்காரர். உங்களுக்குத் தெரியாம ஒண்ணும் நடந்திருக்காது. இத்தனை வருஷத்துல நான் உங்ககிட்ட இதைக் கேட்டதே இல்லை. வியாழக்கிழமை இந்தக் கால் போயிடும், அதனால கேக்குறேன். இவரு குனிஞ்ச அந்த மீனை நீங்க பாத்தீங்களா?"

ஆஷுனின் கை போர்வையைப் பிடித்திருந்த பிடியில் நரம்பு புடைத்தது.

ஒரு சொல் போதும். இல்லை என்று சொன்னால் போதும், எனக்கு வரவேண்டிய நியாயம் வந்துவிடும். எழுபது வயதில் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்றும் தெரியவில்லை, விட்டுவிடவும் மனசு வரவில்லை. அவள் கை இன்னும் அந்தக் காலின் மேலேயே இருந்தது. அதைப் பார்த்தேன்.

"பாத்தேன்," என்றேன். கையை முழங்கைவரை நீட்டிக் காட்டினேன். "மடவை. இவ்வளவு நீளம். உயிரோட துள்ளிக்கிட்டு இருந்துச்சு. கரையில நின்ன எனக்கே எச்சில் ஊறிச்சு, அவன் குனிஞ்சதுல தப்பே இல்லை."

மெய்சியன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று மூச்சு. அன்றைக்கு அந்த நேரத்தில் என் கண் எங்கே இருந்தது என்று இந்த உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

"அப்படியா. அப்போ சரிண்ணே," என்றாள். போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டு, முட்டையை உரித்து முதல் முட்டையை என் கையில் கொடுத்தாள்.